திருட்டுக்குப் பயந்து கிரெடிட் கார்டில் பணம் எடுக்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். கைக்கு வரும் சம்பளம் மாதம் 48,000 ரூபாய். எட்டு மாதங்களுக்கு முன் மனைவியுடனும் மைத்துனர் குடும்பத்துடனும் பாங்காக் சென்றோம். பணம் திருடு போய்விடும் என்ற பயத்தால் கையில் ரொக்கம் கொண்டு செல்லாமல், கிரெடிட் கார்டு மூலம் ஏடிஎம்மில் ஆறு முறை 5,000 பாட் வீதம் எடுத்தேன். கிராண்ட் பேலஸ் வாசலில் ஒருவர் “இன்று அரண்மனை மூடியிருக்கிறது” என்று சொல்லி எங்களை டுக்டுக்கில் ஏற்றி ஒரு நகைக்கடைக்கு அனுப்பினார். அங்கு நீலக்கல் மோதிரம் வாங்கி 8,000 ரூபாய் ஏமாந்தோம். இப்போது மைத்துனர் வியட்நாம் போகலாம் என்கிறார். ‘இப்போது பயணம், பிறகு பணம்’ என்ற இஎம்ஐ திட்டத்தில் என் பெயரில் பதிவு செய்யச் சொல்கிறார். இம்முறை ஏமாறாமல் இருப்பது எப்படி? வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி பிடிக்கும் கூடுதல் கட்டணம், அதாவது மார்க்அப் இல்லாத கார்டு வாங்கலாமா? கார்டில் இன்னும் 79,000 ரூபாய் பாக்கி இருக்கிறது. மாதந்தோறும் மினிமம் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன். ஆர்டியில் 95,000 ரூபாய் வைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் கடிதத்தில் மோதிரக் கதையை விரிவாகச் சொல்லியிருக்கிறீர்கள், கார்டு பாக்கி எவ்வளவு என்பதற்கு ஒரே ஒரு வரிதான். ஆனால் நான் கவலைப்படுவது அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

தோராயமாகக் கணக்குப் போடுவோம். ஒரு பாட் 2.50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நீங்கள் எடுத்தது 75,000 ரூபாய். தாய்லாந்து ஏடிஎம் வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் பிடித்தது என்று கொள்வோம். ஆறு முறைக்கு 3,300 ரூபாய். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்ததற்கு உங்கள் வங்கி ஒவ்வொரு முறையும் 500 ரூபாய் பிடித்திருக்கும். ஜிஎஸ்டியோடு அது 3,540. அந்நியச் செலாவணி மார்க்அப் 3.5 சதவீதம் என்றால், ஜிஎஸ்டியோடு ஏறக்குறைய 3,230. ஆக, ஊர் திரும்பும்போதே கடன் 85,000 ரூபாய் ஆகிவிட்டது. பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லாக் காலம் ரொக்கத்துக்குக் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. மாதம் 3.5 சதவீதம் வட்டியும் அதன் மேல் ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 3,500 ரூபாய். நீங்கள் கட்டும் மினிமம் தொகை 5 சதவீதம், அதாவது 4,250 ரூபாய். அதில் அசலுக்குப் போவது வெறும் 750 ரூபாய்தான். எட்டு மாதங்களில் 33,000 ரூபாய்க்கு மேல் கட்டியும் அசல் 6,000 ரூபாய் மட்டுமே குறைந்திருப்பதற்குக் காரணம் இதுதான். கட்டணங்களும் வட்டியுமாக உங்களிடமிருந்து போனது 37,000 ரூபாய்க்கு மேல். மோதிரத்தில் போனதைப் போல நான்கு மடங்குக்கும் அதிகம்.

ஆகவே முதல் வேலை, ஆர்டியை உடைத்து கார்டு பாக்கியை முழுவதுமாக அடைப்பது. சேமிப்பில் கை வைக்கக் கூடாது என்ற உங்கள் எண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் 95,000 ரூபாய் ஆர்டி 7 சதவீதத்தில் மாதம் 550 ரூபாய் ஈட்டும் அதே மாதத்தில், கார்டு 3,000 ரூபாய்க்கு மேல் வட்டி வாங்கிக்கொண்டிருக்கிறது. முன்கூட்டியே முடிப்பதால் ஆர்டி வட்டி சிறிது குறைந்தாலும் பரவாயில்லை. இதை அடுத்த பில் வருவதற்குள் செய்துவிடுங்கள்.

மார்க்அப் இல்லாத கார்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது குறைப்பது அந்த 3,230 ரூபாயை மட்டும்தான். அதுவும் கிரெடிட் கார்டாக இருந்தால், ரொக்கம் எடுத்த நாளிலிருந்து வட்டி வழக்கம்போல ஓடும். ஏடிஎம் கட்டணமும் இருக்கும். விளம்பரத்தைப் பார்த்து இன்னொரு கார்டு வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ‘பிறகு பணம்’ திட்டமும் அப்படியே. வட்டியில்லா இஎம்ஐ என்று சொன்னாலும் செயலாக்கக் கட்டணமும் ஜிஎஸ்டியும் வரும். அதைவிட முக்கியமாக, இரண்டு குடும்பங்களின் கடன் உங்கள் ஒருவர் பெயரில் நிற்கும்.

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, அதற்கு நீங்கள் கண்ட வழிதான் தவறு. 5,000 பாட் எடுத்தாலும் 15,000 பாட் எடுத்தாலும் அந்த 220 பாட் மாறாது. சிறுகச் சிறுக எடுத்ததால்தான் கட்டணம் பெருகியது. பயணத்துக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, செலவுக்கு வேண்டியதை மட்டும் அதில் போட்டு, அதன் டெபிட் கார்டைக் கொண்டு செல்லுங்கள். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் தேவைப்படும்போது மட்டும் திறந்து, மறுபடி மூடிவிடலாம். தினசரி வரம்பும் வைக்கலாம். கார்டு தொலைந்தாலும் சம்பளக் கணக்கு தப்பிவிடும். ஏடிஎம் திரை “உங்கள் ரூபாயில் மாற்றித் தரவா?” என்று கேட்டால் வேண்டாம் என்றே அழுத்துங்கள், அந்த மாற்று விலை பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமானது.

வியட்நாமில் கவனிக்க வேண்டியது நோட்டு. 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டும் நீலம். மங்கிய வெளிச்சத்தில் ஒன்றுபோலவே தெரியும். முன்னதன் மதிப்பு ஏறக்குறைய 70 ரூபாய், பின்னதன் மதிப்பு 1,700 ரூபாய். டாக்சியில் கொடுக்கும்போது பூஜ்யங்களை எண்ணி, தொகையை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். பெரிய நோட்டுகளைத் தனி உறையில் வைத்துக்கொண்டால் குழப்பமே வராது. ஹோ சி மின் நகரில் மோட்டார் சைக்கிளில் வந்து கைபேசியைப் பறிப்பவர்கள் உண்டு. சாலையோரம் நின்று வரைபடம் பார்க்காதீர்கள். இ-விசாவுக்கு அந்நாட்டு அரசு வாங்கும் கட்டணம், ஒருமுறை நுழைவதற்கு 25 டாலர். தேடினால் அரசு தளம் போலவே தோன்றும் தனியார் தளங்கள் முதலில் வந்து நின்று, அதைப் போல இரண்டு மூன்று மடங்கு கேட்கும். முகவரியை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

இனி மைத்துனர். பாங்காக்கில் நீங்கள் எடுத்த ரொக்கத்தில் அவர் குடும்பத்துக்குச் செலவானது எவ்வளவு என்று உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை. அவரிடம் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தொகையை நாள்வாரியாக எழுதி அவருக்கு அனுப்புங்கள். உறவு கெட்டுவிடும் என்று தயங்க வேண்டாம். நீங்கள் அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். பழைய பாக்கி வந்த பிறகே புதிய பயணப் பேச்சு. அதிலும் அவரவர் டிக்கெட்டை அவரவரே போட வேண்டும், பொதுச்செலவுப் பணம் புறப்படும் முன்பே ஒருவரிடம் சேர வேண்டும்.

கடன் அடைந்ததும் மினிமம் கட்டிய 4,250 ரூபாயோடு இன்னும் 4,000 ரூபாய் சேர்த்து மாதம் 8,250 ரூபாயைப் பயணக் கணக்கில் போட்டு வந்தால், ஒரு வருடத்தில் 99,000 ரூபாய் சேரும். நீங்களும் மனைவியும் ஒரு வாரம் சிக்கனமாக வியட்நாம் போய்வர அதற்குள் திட்டமிடலாம். அதுவரை டிக்கெட் எதையும் பதிவு செய்யாதீர்கள்.