எட்டு மாதமாகியும் விதை இறங்கவில்லை: உசிலம்பட்டி சகோதரிக்குப் பதில்

எட்டு மாத மகனுக்கு வலப்பக்க விதை (விரை) விதைப்பையில் தட்டுப்படவில்லை, "ஐந்து வயதுக்குள் தானாக இறங்கிவிடும்" என்கிறார் மாமியார் என்று எழுதியிருந்தீர்கள். இது அரிய குறையல்ல, சகோதரி. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 4 பேருக்கு இப்படி இருக்கும். குறைமாதக் குழந்தைகளில் 30 பேர் வரைகூட. பெரும்பாலோருக்கு முதல் சில மாதங்களிலேயே இறங்கிவிடுவதால், ஒரு வயதில் நூற்றுக்கு ஒருவர்தான் மிச்சம். ஆக, மாமியார் சொல்வது பாதி உண்மை. ஆறு மாதத்துக்குப் பிறகு தானாக இறங்குவது அபூர்வம்.

குளிப்பாட்டிய கையோடு, வெந்நீர்ச் சூடு உடம்பில் இருக்கும்போதே பையைப் பாருங்கள். பட்டாணி போல் உருண்டையாக ஒன்று அங்கே நின்றால், அது குளிருக்கும் தொடுகைக்கும் மேலேறிவிடும் விதையாக இருக்கலாம். அதையும் மருத்துவர் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எண்ணெய் தேய்த்து இழுத்துவிடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. இந்த வாரமே காட்டுங்கள். தேவைப்பட்டால் பிள்ளைக்கு 18 மாதம் ஆவதற்குள் அறுவை செய்து கீழே இறக்கித் தைத்துவிடுவது நல்லது. தள்ளிப்போட்டால் பிற்காலத்தில் விந்து உற்பத்தி குறையலாம், புற்றுநோய் வாய்ப்பும் கூடும். இடையில் தொடையிடுக்கில் வீக்கமும் விடாத அழுகையும் வாந்தியும் வந்தால் அந்த நிமிடமே கிளம்புங்கள்.