எலும்பு சேர ஆக்சிஜன் அறை உதவுமா?

பெரியபட்டினத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் அண்ணனுக்கு 46 வயது. சங்கு குளிக்கப் போகிறவர். பைக்கிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, உள்ளே ராடு வைத்தார்கள். பத்து மாதம் ஆகியும் சேரவில்லை. சர்க்கரை உண்டு, பீடியும் விடவில்லை. அழுத்த ஆக்சிஜன் அறையில் 30 நாள் உட்கார்ந்தால் எலும்பு வளரும் என்கிறார்கள். நகையை அடகு வைத்துப் போகலாமா?"

நகையை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

அந்த அறையில் அழுத்தத்தை வழக்கமான காற்றழுத்தத்தைப் போல 2 முதல் 2.5 மடங்கு வரை ஏற்றி, சுத்த ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்வார்கள். ஒரு தடவைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். அண்ணனுக்கு இது சட்டென்று புரியும். கடலில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு மடங்கு அழுத்தம் கூடும், ஆக அந்த அறை 10 முதல் 15 மீட்டர், அதாவது ஆறு முதல் எட்டுப் பாகம் வரை முங்கிய ஆழத்துக்குச் சமம்.

சாதாரணமாக ஆக்சிஜனைச் சுமப்பவை சிவப்பணுக்கள். 100 மில்லி ரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்திருப்பது வெறும் 0.3 மில்லிதான். 3 மடங்கு அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்தால் அது 6 மில்லி வரை போகும். முறிந்த இடத்தில் ரத்தக்குழாய்களும் அறுந்திருக்கும், சிவப்பணு அங்கே சரியாகப் போய்ச் சேராது. கரைந்த ஆக்சிஜன் இன்னும் கொஞ்ச தூரம் ஊடுருவும்.

அது அங்கே என்ன செய்கிறது? எலும்பு கட்டும் செல்கள் முதலில் கொலாஜன் என்ற நாரை நெய்யும், அதன்மேல்தான் சுண்ணாம்புச் சத்து படியும். அந்த நார் முறுக்கேறி உறுதியாக வைட்டமின் சி, இரும்பு, ஆக்சிஜன் மூன்றும் வேண்டும். ஆக்சிஜன் போதாத இடத்தில் தாய்ச்செல்கள் எலும்பாகாமல் குருத்தெலும்பாகவோ நார்த்திசுவாகவோ நின்றுவிடலாம். புதிய ரத்தக்குழாய் முளைக்கவும், வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்லவும்கூட ஆக்சிஜன் தேவை. எலி, முயல் சோதனைகள் சிலவற்றில் முறிவு சீக்கிரம் சேர்ந்ததும் உண்மை.

ஆனால் முயல் வேறு, அண்ணன் வேறு. மனிதர்களின் எலும்பு முறிவுக்கு இந்தச் சிகிச்சை பலன் தருமா என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் குழு 2012-ல் தேடிப் பார்த்தபோது, நம்பி எடுத்துக்கொள்ளும்படியான ஒரு சோதனைகூடக் கிடைக்கவில்லை. மருந்துக்கு அடங்காமல் எலும்புக்குள் நீடிக்கும் சீழ், கதிர்வீச்சால் பட்டுப்போன தாடை எலும்பு, சில சர்க்கரைப் புண்கள் ஆகியவற்றுக்கு ஆபரேஷனுடனும் மருந்துடனும் துணையாக இதைத் தருகிறார்கள். வெறும் சேராத முறிவுக்கு இது முதல் வழி அல்ல.

முதலில் ஏன் சேரவில்லை என்று பார்க்க வேண்டும். ராடு ஆடுகிறதா? முறிந்த முனைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா? உள்ளே கிருமி இருக்கிறதா? எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சிடி ஸ்கேன், கிருமியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகள், மூன்று மாதச் சர்க்கரை, வைட்டமின் டி இவற்றை ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு டாக்டரிடம் கேளுங்கள். ராடு ஆடினால் பெரிய ராடாக மாற்றுவதும், இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து முறிந்த இடத்தில் வைப்பதும்தான் பலகாலமாகக் கைகொடுத்த வழிகள். ஆடும் எலும்புக்கு எத்தனை ஆக்சிஜன் கொடுத்தும் பிரயோசனமில்லை.

அப்புறம் பீடி. நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு சிவப்பணுவில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அறைக்குள் ஆக்சிஜன், வெளியே வந்ததும் பீடி என்றால் நகை போனதுதான் மிச்சம். ஒரு காசும் செலவில்லாத சிகிச்சை பீடியை நிறுத்துவதுதான்.

கிருமி இருப்பது உறுதியாகி டாக்டரே அந்த அறையைப் பரிந்துரைத்தால் தாராளமாகப் போகலாம். நுரையீரலைப் பரிசோதித்த பிறகே உள்ளே விடுவார்கள். சர்க்கரை திடீரென இறங்கலாம், அதனால் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். அழுத்தம் ஏறும்போது வரும் காது அடைப்பை எடுக்க, கடலில் முங்கிப் பழகிய அண்ணனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்றடைத்த பை போன்ற 1.3 மடங்கு அறைகளையும் இதே சிகிச்சை என்று விற்கிறார்கள், அது இது அல்ல.

இன்னொன்று. அண்ணன் மூச்சடக்கி மட்டும் முங்குபவரா, கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே வரும் காற்றைச் சுவாசித்தும் இறங்கியவரா? கம்ப்ரசர் என்றால் ஆழத்திலிருந்து வேகமாக ஏறும்போது உண்டாகும் குமிழிகள் தோள், இடுப்பு மூட்டு எலும்புகளுக்கு ரத்தம் போவதைத் தடுத்து அவற்றைச் சாகடிக்கலாம். அங்கே வலி இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.