காசு விஷயம் – வாசகர் கேள்வி பதில்: ரெட் வைன்ல பணம் போடலாமா?

கேள்வி: அண்ணே வணக்கம். போன வருஷம் யாரோ போன் பண்ணி, பிரான்ஸ் நாட்டு போர்டோ ரெட் வைன் வாங்கி வச்சா தங்கம் மாதிரி ஏறும்னு சொல்லி எங்க வீட்டுக்காரர் தலையில ரெண்டு பெட்டி கட்டிட்டாங்க. வீட்டுக்குள்ள இருக்கற பாம் ஷெல்டர் ரூம்ல அரிசி மூட்டைக்குப் பக்கத்துலதான் இருக்கு. இப்ப போனஸ் பணத்துல இன்னும் வாங்கணும்ங்கறாரு. சரியா வருமா? – பொங்கோல் வாசகி

பதில்: வேணாம்மா, போனஸை அப்படியே பேங்க்ல வைக்கச் சொல்லுங்க. ஏன்னு சொல்றேன்.

முதல்ல அந்த பாம் ஷெல்டர். சுத்தி கான்கிரீட்டு, இரும்புக் கதவு, அதனால உள்ள குளுகுளுன்னு இருக்கும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, மத்தியானம் ஒரு தடவ கதவைச் சாத்திட்டு உள்ள நின்னு பாருங்க வேர்த்துக் கொட்டும். வருஷக்கணக்கா வைக்கிற வைனுக்கு 12, 13 டிகிரி சூடுதான் இருக்கணும், அதுவும் ஏறி இறங்காம, இருட்டுல, கார்க் காயாம இருக்க பாட்டிலைப் படுக்க வச்சு. நம்ம சிங்கப்பூர்ல மத்தியானம் 31, 32 டிகிரி சாதாரணம். அந்தச் சூட்டுல வைன் விரிஞ்சு கார்க்கை வெளிய தள்ளும், ஓரமா கசியும், உள்ள காத்து போகும், அப்புறம் உள்ள இருக்கறது வெந்துபோன சரக்குதான். பெட்ரூம்ல ஏசி இருக்கேன்னு அங்க மாத்தாதீங்க, ராத்திரி போட்டு காலையில நிறுத்தறோம்ல, அந்த ஏற்ற இறக்கமும் கெடுதல்தான்.

சரி, வைன் ஃப்ரிட்ஜ் வாங்கினா? குடிக்கறதுக்குன்னா தாராளமா வாங்கலாம். விக்கறதுக்குன்னா அதுவும் உதவாது. ஏன்னா பெரிய விலை குடுத்து வாங்கறவர் லேபிளை மட்டும் பாத்து காசை எடுக்க மாட்டாரு, இந்தப் பெட்டி தயாரிச்ச இடத்துல இருந்து எங்கெங்க போச்சு, எந்தக் கிடங்குல எத்தன வருஷம் இருந்துச்சு, மரப்பெட்டி பிரிக்காம இருக்கா, அதுக்குப் பேப்பர் இருக்கான்னுதான் கேப்பாரு. "எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல பத்திரமா வச்சிருந்தேன்"னு நீங்க சொல்றதுக்கு ஏலக்கடையில பெரிசா மதிப்பு கிடையாது.

வரியும் இருக்கு. சிங்கப்பூர்ல வைனுக்கு சுங்க வரி பாட்டில் விலைய வச்சு இல்ல, உள்ள இருக்கற ஆல்கஹால் அளவ வச்சு, ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி. 13.5 சதவீத வைன் 750 மில்லி பாட்டில்னா கிட்டத்தட்ட 9 வெள்ளி, அது 20 வெள்ளி வைனா இருந்தாலும் சரி 2,000 வெள்ளி வைனா இருந்தாலும் சரி. ஆனா அதுக்கு மேல 9 சதவீத ஜிஎஸ்டி மதிப்புக்குத்தான் போடுவாங்க, 2,000 வெள்ளி பாட்டில்னா 180 வெள்ளிக்கு மேல போயிடும். லைசென்ஸ் உள்ள பாண்டட் கிடங்குல, அதாவது வரி கட்டாம சரக்கு வைக்கற கிடங்குல, இருக்கற வரைக்கும் இந்த ரெண்டு வரியும் நிறுத்தி வச்சிருப்பாங்க, வெளிய எடுத்தாத்தான் கட்டணும். அதனால என் கணக்கு இதுதான்: முதலீடுன்னா பெட்டி கிடங்கை விட்டு நகரக்கூடாது, உங்க கண்ணுலகூட படக்கூடாது, வீட்டு வாசப்படி தாண்டிடுச்சுன்னா அது குடிக்கறதுக்குத்தான்.

போன் பண்ணவர்கிட்ட பில்லும் கிடங்கு ரசீதும் உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கான்னு கேளுங்க. வெறும் பாட்டில் வைன் வாங்கறது எம்ஏஎஸ்ங்கற சிங்கப்பூர் நாணய ஆணையம் கண்காணிக்கற ஷேர், யூனிட் டிரஸ்ட் மாதிரி கிடையாது, ஏமாந்தா ஓடிப்போய் நிக்க அந்த வாசல் இல்ல.

கேள்வி: பீப்பாயில இருக்கும்போதே வாங்கினா சல்லிசுன்னு சொல்றாங்களே, அது உண்மையா அண்ணே? – ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: முறை உண்மைதான், ஆன் ப்ரிமர்னு போர்டோவுல ரொம்ப நாளா நடக்குது. அறுவடை முடிஞ்ச அடுத்த வசந்தத்துல பீப்பாயில ருசி பாத்து விலை சொல்லுவாங்க, பாட்டில் கைக்கு வர இன்னும் ரெண்டு வருஷம்போல ஆகும். சல்லிசுங்கறதுதான் எப்பவும் உண்மை இல்ல. 2008ல ஹாங்காங் வைன் வரிய எடுத்துச்சு, சீனப் பணக்காரங்க லாஃபீட்ங்கற பேர் போன போர்டோ வைனை அள்ளினாங்க, 2008 லாஃபீட் பாட்டில்ல சீனர்களுக்கு ராசியான எட்டை சீன எழுத்துல பொறிக்கப் போறோம்னு 2010ல சொன்ன உடனே விலை எகிறிடுச்சு. 2011 நடுவுல உச்சிக்குப் போய் அப்புறம் சரிஞ்சுச்சு, சீனாவுல ஊழல் ஒழிப்புன்னு பரிசுப் பொருளுக்குக் கெடுபிடி வந்ததும் இன்னும் இறங்குச்சு, 2010 வின்டேஜை, அதாவது அந்த வருஷ அறுவடை வைனை, பீப்பாயிலேயே பெரிய விலைக்கு வாங்கினவங்க பல வருஷம் நஷ்டத்துல கிடந்தாங்க. திரும்ப 2022ல உசத்தி வைன் விலையைக் காட்டற லிவ்-எக்ஸ் 100 குறியீடு உச்சம் தொட்டு இறங்குச்சு. இதுல வட்டியும் கிடையாது டிவிடெண்டும் கிடையாது, கிடங்கு வாடகையும் இன்ஷூரன்சும் நீங்கதான் மாசாமாசம் குடுக்கணும், விக்கும்போது ஏலக்காரங்க கமிஷன் வேற. விலை ஏறினாக்கூட இதெல்லாம் கழிச்சிட்டு கையில என்ன நிக்குதுன்னு போட்டுப் பாருங்க, பாதி ஆசை அங்கேயே போயிடும்.

கேள்வி: தெரிஞ்சவர் ஒருத்தர் பிரான்ஸ் நாட்டு பர்கண்டி வைன், பழைய பாட்டில், பாதி விலைக்குத் தர்றேங்கறாரு. – பிஷான் வாசகர்

பதில்: பாதி விலைங்கறதுதான் சந்தேகமே. ரூடி குர்னியவான்னு இந்தோனேசியக்காரர், அமெரிக்காவுல வீட்டுலேயே வைனைக் கலந்து லேபிள் ஒட்டி பெரிய பெரிய சேகரிப்பாளர்களுக்கே வித்தாரு, 2014ல பத்து வருஷம் ஜெயில். 2008லயே நியூயார்க் ஏலத்துக்கு அவர் அனுப்பினதுல பர்கண்டியில வைன் தயாரிக்கற போன்சோ குடும்பத்தோட க்ளோ சான் தெனி தோட்டத்து 1945 வைன்னு சொன்னது இருந்துச்சு, அந்தக் குடும்பம் அந்தத் தோட்டத்து வைனைத் தயாரிக்க ஆரம்பிச்சதே 1980கள்லதான்! அந்தக் குடும்பத்து லோரான் போன்சோ நேரா ஏலத்துக்கே போய் பாட்டில்களை வாபஸ் வாங்க வச்சாரு. கோடீஸ்வரங்களே ஏமாந்த இடம், நமக்கு எதுக்கு?

கேள்வி: அப்பா 1994ல வாங்கின ரெட் வைன் ஷோகேஸ்ல நிக்குது, நல்ல விலை வருமா? – தெம்பனிஸ் வாசகர்

பதில்: வராது. உலகத்துல தயாராகற வைன்ல பெரும்பாலானது சில வருஷத்துல குடிச்சுடணும்னு செஞ்சதுதான், அதுவும் ஷோகேஸ்ல லைட் வெளிச்சத்துல முப்பது வருஷம் நின்னிருக்கு. பாட்டில் கழுத்துக்குக் கீழ வைன் எவ்வளவு இறங்கியிருக்குன்னு பாருங்க, தோள்பட்டைக்குக் கீழ போயிருந்தா திறக்கவே வேணாம். ஒருவேளை அப்பா பெரிய பேரா வாங்கியிருந்தா லேபிளைப் போட்டோ எடுத்து ஒரு ஏலக் கம்பெனிக்கு அனுப்பிக் கேளுங்க, ஆன்லைன்ல நீங்களே போட்டு விக்காதீங்க, இங்க மதுபானம் விக்க லைசென்ஸ் வேணும்.