பழைய பந்து: எதை மீட்கலாம், எதை வெட்டலாம்?

டப்பா திறந்து ஒரு மாதத்திலேயே டென்னிஸ் பந்துகளில் துள்ளல் போய்விட்டது. மீட்க முடியுமா?

மேலே உள்ள கம்பளி தேயாமல் இருந்தால் முடியும். புதுப் பந்துக்குள் வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 12 முதல் 14 பிஎஸ்ஐ அழுத்தம் கூடுதலாக இருக்கும். ஓட்டையே இல்லாவிட்டாலும் அது ரப்பர் வழியாக மெல்லக் கசிந்துவிடும். அதற்கென்றே விற்கும் அழுத்தக் குடுவையில் பந்துகளைப் போட்டு, உள்ளிருக்க வேண்டிய அழுத்தத்தைவிடச் சற்று அதிகமாகக் காற்றடித்துச் சில வாரம் வையுங்கள். குடுவையில் குறித்த அளவைத் தாண்ட வேண்டாம். சாதாரண டப்பாவோ கண்ணாடி ஜாடியோ வெடிக்கும். பிறகு 254 செ.மீ. உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் விட்டுப் பாருங்கள். 135 முதல் 147 செ.மீ. எழும்பினால் ஆட்டத்துக்கு ஆகும்.

கம்பளியும் தேய்ந்துவிட்டதே?

நாற்காலிக் காலுக்கு மாட்டலாம். பந்தைக் கையில் பிடித்து வெட்டாதீர்கள், கத்தி வழுக்கும். மேசை இடுக்கியில் (வைஸ்) இறுக்கி, முதலில் ஊசியால் குத்திக் காற்றை விட்டுவிட்டுப் பெருக்கல் குறி போலக் கீறுங்கள். கீறலின் நீளம் காலின் விட்டத்தைவிட ஓரிரு மி.மீ. குறைவாக இருக்கட்டும், கூடினால் கழன்று விழும். கம்பளியில் மணல் சேர்ந்தால் அதுவே தரையைக் கீறும், அவ்வப்போது தட்டுங்கள்.

நாய்க்குக் கடிக்கக் கொடுக்கலாமா?

வேண்டாம். மண் ஏறிய கம்பளி உப்புத்தாள் மாதிரி பல்லைத் தேய்க்கும். துண்டு தொண்டையில் சிக்கும் அபாயம் வேறு.

கால்பந்தில் காற்று நிற்கவில்லை.

பிளாடரை, அதாவது உள்ளிருக்கும் காற்றுப்பையை, குறை சொல்லுமுன் வால்வில் சோப்பு நீர் விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் காய்ந்த ஊசியைச் செருகியதால் வால்வு கிழிந்திருக்கும். இனி ஊசியில் ஒரு சொட்டு கிளிசரின் தடவுங்கள். வால்வில் குமிழி இல்லையென்றால் ஓட்டை பிளாடரில். தைத்த பந்தாக இருந்தால் வால்வுக்குப் பக்கத்தில் ஆறேழு தையலைப் பிரித்து, பிளாடரை வெளியே எடுத்து, ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, பஞ்சர் சொல்யூஷன் தடவுங்கள். அது உலர்ந்து பிசுபிசுப்பு வந்த பிறகே ஒட்டுத்துண்டை வையுங்கள். ஈரத்திலேயே ஒட்டுவதால்தான் பாதி ஒட்டுகள் கழல்கின்றன. வெப்பத்தில் ஒட்டிய, தையலில்லாத பந்தைப் பிரித்தால் மறுபடி மூட முடியாது. லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) பிளாடர் என்றால் சில நாளில் காற்று இறங்குவது இயல்பு, அது பழுதல்ல.

நசுங்கிய டேபிள் டென்னிஸ் பந்து?

விரிசல் இல்லையென்றால் வெந்நீரில் சில விநாடி உருட்டுங்கள், உள்காற்று விரிந்து பள்ளத்தைத் தள்ளிவிடும். ஆனால் முழு உருண்டை திரும்பாது, பயிற்சிக்கு மட்டும். பழைய செல்லுலாய்டு பந்தை அடுப்பருகே கொண்டுபோகாதீர்கள், குபீரெனப் பற்றும்.