பத்து சென்ட் பதில்கள்

போன இதழில் இந்தப் பகுதியின் தலைப்பைப் பார்த்துவிட்டு, "பத்து சென்ட் எந்த ஏரியாவில் இருக்கிறது, பட்டா கிளியரா?" என்று ஒருவர் ஆசிரியருக்குப் போன் போட்டிருக்கிறார். ஐயா, இது மனை வியாபாரம் இல்லை. 1938-ல் அமெரிக்காவில் ஒரு காமிக்ஸ் புத்தகத்தின் விலை பத்து சென்ட். அந்தப் பத்து சென்ட்தான் இது. சரி, கடிதங்களுக்குப் போவோம்.

சூப்பர்மேனை 130 டாலருக்கு விற்றார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அச்சில் ஒரு சைபர் விட்டுப்போனதா அண்ணாச்சி?
*– வாசகர், தேவகோட்டை*

நாற்பது வருடம் சிவகாசி அச்சகங்களில் குப்பை கொட்டியவன் நான். சைபர் விட்டுப்போகிற சங்கதியெல்லாம் தெரியும். ஆனால் இதில் விடவில்லை. பதின்மூன்று பக்கக் கதை, பக்கத்துக்குப் பத்து டாலர். கணக்கு சரியாக 130.

சூப்பர்மேனைப் படைத்த இரண்டு பேருக்கும் பதிப்பகம் கொடுத்த காசோலையின் தேதி 1938 மார்ச் 1. மொத்தத் தொகை 412 டாலர், ஏனென்றால் அதே பதிப்பகத்துக்கு அவர்கள் செய்து கொடுத்த வேறு கதைகளின் கூலியும் அதில் சேர்ந்திருந்தது. மளிகைக் கடைச் சிட்டை மாதிரி வரிசையாக எழுதியிருக்கும் கணக்கில் ஒரு வரி, 'சூப்பர்மேன் 130'. அவ்வளவுதான். அந்த ஒரு வரியோடு உரிமை முழுவதும் கைமாறிவிட்டது.

எனக்கு அதில் பிடித்த இடம் வேறு. எழுதியவர் ஜெர்ரி சீகல், வரைந்தவர் ஜோ ஷுஸ்டர். காசோலையில் இரண்டு பெயரையும் தப்பாக எழுதியிருக்கிறார்கள்! ரேஷன் கார்டில் பெயர் தப்பாக வந்தால் நாம் என்ன பாடு படுகிறோம்? அவர்களும் பட்டார்கள். பின்பக்கம் தப்பான எழுத்தில் ஒரு கையெழுத்து, சரியான எழுத்தில் ஒரு கையெழுத்து என்று ஆளுக்கு இரண்டு போட்டுத்தான் பணம் வாங்கினார்கள். 2012-ல் அந்தக் காகிதம் ஏலத்துக்கு வந்தது. போன விலை 1,60,000 டாலர்.

இரண்டு பேரும் கிளீவ்லண்ட் நகரத்தில் ஒரே பள்ளியில் படித்தவர்கள், 1914-ல் பிறந்தவர்கள். ஷுஸ்டருக்கு வரைபலகை வாங்க வசதியில்லை. அவர் அம்மா ரொட்டி மாவு பிசைகிற பலகையில்தான் படம் வரைவார். தாளும் பஞ்சம்தான், கிடைத்த தாளின் பின்பக்கத்தில் எல்லாம் வரைந்திருக்கிறார். சூப்பர்மேனைத் தூக்கிக்கொண்டு வருடக்கணக்கில் அலைந்தும் யாரும் வாங்கவில்லை. அப்படி இருந்தவனிடம் ஒருவன் 130 டாலரை நீட்டினால் வாங்காமல் என்ன செய்வான்?

1947-ல் வழக்குப் போட்டார்கள். மறுவருடம் சுமார் 94,000 டாலரில் சமரசம் ஆனது. அதோடு கதைகளிலிருந்து அவர்கள் பெயரும் போய்விட்டது. 1975-ல் சூப்பர்மேன் படம் தயாராகிறது என்ற செய்தி வந்தபோது சீகல் கோபத்தில் பத்திரிகைகளுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். ஷுஸ்டருக்கு அப்போது கண் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் என்ற இரண்டு ஓவியர்கள் முன்னால் நின்று சண்டை போட்டு, ஆளுக்கு வருடம் 20,000 டாலரும், 'படைத்தவர்கள்' என்று பெயரும் வாங்கிக் கொடுத்தார்கள். பணத்தைவிடப் பெயருக்குத்தான் கடைசிவரை இழுபறி என்று சொல்வார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

ஹல்க், சூப்பர்மேன் சண்டை போட்டால் யார் ஜெயிப்பார்?
*– ஏழாம் வகுப்பு மாணவர், ராஜபாளையம்*

அந்த மாதம் கதை எழுதுகிறவர் யாரை ஜெயிக்க வைக்கிறாரோ அவர். வீட்டுப்பாடம் முடித்தாயா தம்பி?

ஹல்க் முதலில் சாம்பல் நிறத்தில் இருந்தாராமே, ஏன் பச்சையாக்கினார்கள்?
*– வாசகி, ஈரோடு*

இந்தக் கேள்விக்காகத்தான் ஆறு மாதமாகக் காத்திருந்தேன் அம்மா.

1962-ல் முதல் இதழ் வந்தபோது ஹல்க் சாம்பல்தான். கதை எழுதிய ஸ்டான் லீ கேட்டது அந்த நிறம். நிறம் தீட்டுகிற ஸ்டான் கோல்ட்பர்க் அப்போதே, சாம்பல் அச்சில் சரியாக வராது என்று எச்சரித்திருக்கிறார். கேட்கவில்லை. புத்தகம் வந்தது. ஒரு கட்டத்தில் வெளிர் சாம்பல், அடுத்த கட்டத்தில் ஏறக்குறைய கறுப்பு, இன்னொரு இடத்தில் பச்சை கலந்தாற்போல. ஒரே ஆள், பக்கத்துக்கு ஒரு தோல். இரண்டாம் இதழிலிருந்து பேசாமல் பச்சை ஆக்கிவிட்டார்கள்.

காரணம் மெஷினில் இருக்கிறது. அந்தக் காலக் காமிக்ஸில் கறுப்பு மை கோட்டுக்கும் எழுத்துக்கும்தான். நிறமெல்லாம் நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றையும் புள்ளி புள்ளியாகக் கலந்து வருவது. பச்சை வேண்டுமா, மஞ்சள் மேல் நீலம், முடிந்தது. கொஞ்சம் கூடக்குறைய ஆனாலும் அது பச்சைதான். சாம்பல் அப்படி இல்லை. மூன்றும் தராசு முள் மாதிரி சமமாக நிற்க வேண்டும். சிவப்பு ஒரு பொட்டு ஏறினால் செம்மண் அப்பினாற்போல ஆகும், நீலம் ஏறினால் காய்ச்சல் கண்ட உதடு. அதிலும் அந்த மட்டமான செய்தித்தாள் காகிதம் மையை இஷ்டத்துக்கு உறிஞ்சும்.

எனக்கே நடந்திருக்கிறது. 1991-ல் ஒரு நகைக்கடைக்குக் கஜலட்சுமி காலண்டர் அடித்தோம். இரண்டு பக்கமும் யானை. ராத்திரி ஷிஃப்டில் மெஷின்மேன் மஞ்சளை லேசாகத் திறந்துவிட்டுத் தூங்கிவிட்டார். காலையில் வந்து பார்த்தால் ஆயிரத்துச் சொச்சம் தாளில் பாசி பிடித்த யானைகள். ஹல்க் வீட்டு யானை என்று நான் சொன்ன ஜோக்குக்கு அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. சம்பளத்தில் பிடித்தார்கள்.

பேட்மேனைப் படைத்தவர் பாப் கேன் ஒருவர்தான். பில் ஃபிங்கர் என்று ஒருவரை நீங்களாக ஏன் சேர்க்கிறீர்கள்? எந்தப் பழைய புத்தகத்தில் அந்தப் பெயர் இருக்கிறது, காட்டுங்கள்.
*– வாசகர், திருச்சி*

காட்ட முடியாது. எழுபத்தைந்து வருடங்களுக்கு மேல் அதிகாரபூர்வமாகப் போடவில்லை என்பதுதானே விஷயமே!

1939-ல் கேன் முதலில் வரைந்து வைத்திருந்த பேட்மேன் எப்படி இருந்தார் தெரியுமா? சிவப்பு உடுப்பு, கண்ணை மட்டும் மறைக்கிற சின்ன முகமூடி, முதுகில் விறைப்பாக இரண்டு இறக்கை. தெருக்கூத்துக்கு வேஷம் கட்டினவர் பாதியில் எழுந்து வந்த மாதிரி. செருப்புக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே கேனுக்குக் கதை எழுதித் தந்துகொண்டிருந்த ஃபிங்கர், அகராதியை எடுத்து வௌவால் படத்தைக் காட்டி, காதைப் பார், முழு முகத்தையும் மூடு, இறக்கையை எடுத்துவிட்டு மேலங்கி போடு, சிவப்பு வேண்டாம், சாம்பலும் கறுப்புமாக இருக்கட்டும் என்றிருக்கிறார். இன்றைக்கு நாம் பேட்மேன் என்று எதைச் சொல்கிறோமோ அது அந்த மேசையில் வந்தது. புரூஸ் வெய்ன் என்ற பெயர் ஃபிங்கர் வைத்தது. முதல் கதையை எழுதியவரும் அவர்தான். ஊருக்குப் பெயர் தேடி டெலிபோன் டைரக்டரியைப் புரட்டும்போது 'காத்தம்' என்று ஒரு நகைக்கடையின் பெயரைப் பார்த்து காத்தம் சிட்டி என்று வைத்தாராம்.

ஆனால் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டவர் கேன். பெயர் அவருடையது மட்டும். 1965-ல் நியூயார்க்கில் ரசிகர்கள் கூட்டத்துக்கு ஃபிங்கர் வந்து பேசினார், விஷயம் வெளியே கசிந்தது. உடனே கேன், எல்லாம் நானே என்று ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஃபிங்கர் 1974-ல் இறந்தார், வயது 59. கையில் காசில்லை. கேன் பிற்பாடு தன் சுயசரிதையில் கொஞ்சம் இறங்கி வந்து, ஃபிங்கருக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

மார்க் டைலர் நோபிள்மேன் என்ற எழுத்தாளர் துருவித் துருவி ஃபிங்கரின் பேத்தியைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் வழி பிறந்தது. 2015-ல் பதிப்பகம் இறங்கி வந்தது. இப்போது படங்களில் வருகிற வரியைத் தமிழில் சொன்னால், 'படைத்தவர் பாப் கேன், பில் ஃபிங்கருடன்'. அந்த 'உடன்' எனக்கு இன்னும் உறுத்தும். கல்யாணப் பத்திரிகையில் கடைசியில் போடுகிற 'மற்றும் உற்றார் உறவினர்' மாதிரி.

மார்வெலில் எல்லாம் ஸ்டான் லீ செய்ததா, ஜாக் கிர்பி செய்ததா? என் நண்பனும் நானும் இதனால் பேசுவதில்லை.
*– கல்லூரி மாணவர், கோவை*

முதலில் பேசுங்கள். அப்புறம் இதைப் படியுங்கள்.

மார்வெல் பதிப்பகத்தில் லீ எழுத்தாளர், கிர்பி ஓவியர். அங்கே வேலை நடந்த முறை அப்படி. லீ கதைச் சுருக்கத்தை வாயால் சொல்வார், அல்லது ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்து தருவார். ஓவியர் வீட்டுக்குப் போய் இருபது பக்கத்தைத் தானாகவே காட்சி காட்சியாக அமைத்து வரைந்து வருவார். ஓரத்தில் பென்சிலால் யார் என்ன செய்கிறார் என்று குறிப்பும் எழுதுவார். அதைப் பார்த்து லீ வசனம் போடுவார். இப்படிச் செய்த வேலையில் 'எழுதியவர்' என்று ஒருவர் பெயர் மட்டும் போட்டால் சண்டை வராமல் இருக்குமா?

ஒரு உதாரணம் போதும். 1966-ல் கிரகங்களைத் தின்கிற கேலக்டஸ் வருகிற கதை. கிர்பி கொண்டுவந்த பக்கங்களில், அலைச்சறுக்குப் பலகை ஒன்றில் ஏறி வானத்தில் பறக்கிற ஒரு வெள்ளி மனிதன். லீ சொன்ன கதையில் அப்படி ஒருவன் கிடையாது. யார் இது என்று லீ கேட்டார். அத்தனை பெரிய ஆள் வருகிறார் என்றால் முன்னால் கட்டியம் கூற ஒருவன் வேண்டாமா என்பது கிர்பியின் நியாயம். அவன்தான் சில்வர் சர்ஃபர். வரைந்துகொண்டு வந்தவர் கிர்பி. அவனை ஞானி மாதிரி பேச வைத்தவர் லீ. உங்கள் நண்பர் எந்தக் கட்சி என்று தெரியவில்லை, நான் முக்கால்வாசி கிர்பி கட்சி.

சிறு வயதில் லயன் காமிக்ஸில் படித்த ஸ்பைடரும் மார்வெல் ஸ்பைடர்மேனும் ஒன்றா?
*– வாசகி, நாகர்கோவில்*

இல்லவே இல்லை. நியூயார்க் பையனான ஸ்பைடர்மேன் 1962-ல் வந்தவன், லீயும் ஸ்டீவ் டிட்கோவும் சேர்ந்து படைத்தது. நம் ஸ்பைடர் 1965-ல் லண்டனில் பிறந்தவர், அங்கேயும் 'லயன்' என்ற வார இதழில்தான் வந்தார். கூர் காது, கறுப்பு உடுப்பு, வலைத் துப்பாக்கி, குற்றச் சக்கரவர்த்தி. கூடவே பெட்டி உடைக்கிற ஆர்டினி, விஞ்ஞானி பெல்ஹாம். வரைந்தவர் ரெக் பன். ஆரம்பக் கதைகளை எழுதியவர் டெட் கோவன்.

பிறகு எழுத வந்தவர் யார் தெரியுமா அம்மா? ஜெர்ரி சீகல். ஆமாம், மேலே தேவகோட்டைக்காரருக்குச் சொன்னேனே, அதே சீகல்.

சூப்பர்மேன் உரிமைக்காக மறுபடி கேட்கப் போக, அமெரிக்காவில் அவருக்கு வேலை வறண்டுபோன காலம் அது. கடல் தாண்டி லண்டன் வார இதழுக்கு எழுதிப் பிழைத்தார். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1933-ல் சீகல் தன் கைப்பிரதிப் பத்திரிகையில் எழுதிய முதல் 'சூப்பர்மேன்' நாயகன் இல்லை, உலகத்தை ஆளத் துடிக்கிற மொட்டைத் தலை வில்லன். நல்லவன் ஆனது பிற்பாடு. ஸ்பைடரும் அப்படித்தான், கெட்டவராக வந்து நல்லவரானார்.

1984-ல் நம் லயன் காமிக்ஸ் வந்த பிறகு டீக்கடை பெஞ்சில் பன்னைத் தோய்த்துத் தின்றுகொண்டே ஸ்பைடரை வாசித்தவன் நான். நாங்கள் எல்லாரும் சூப்பர்மேனை எழுதியவர் எழுதியதைத்தான் படித்துக்கொண்டிருந்தோம். யாருக்கும் தெரியாது. அந்த லண்டன் வார இதழ்களில் எழுதியவர் பெயர் போடும் பழக்கமே இல்லை, நம் கைக்கு வந்த புத்தகத்தில் எப்படி இருக்கும்? இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு, பரணிலிருந்து ஒரு பழைய ஸ்பைடரை இறக்கி, முதல் பக்கத்தில் பென்சிலால் 'கதை: ஜெர்ரி சீகல்' என்று எழுதினேன். எழுத்துப் பிழை இல்லாமல்.

க்வென் ஸ்டேசியைக் கொன்றது யார், பச்சைப் பிசாசா, ஸ்பைடர்மேனா?
*– வாசகர், மதுரை*

1973-ல் ஜெர்ரி கான்வே எழுதி, கில் கேன் வரைந்த கதை. பாலத்து உச்சியிலிருந்து ஸ்பைடர்மேனின் காதலி க்வெனைப் பச்சைப் பிசாசு என்ற வில்லன் தள்ளுகிறான். ஸ்பைடர்மேன் வலையை வீசிக் காலைப் பிடித்துவிடுகிறான். அந்தக் கட்டத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அவள் கழுத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு சத்தம். தமிழில் என்றால் 'மளுக்'. விழுந்த வேகத்தில் சட்டென்று பிடித்து நிறுத்தியதில் கழுத்து ஒடிந்துவிட்டது. காப்பாற்றப் போன கைதான்.

வில்லன் என்னவோ, விழும்போதே செத்துவிட்டாள் என்கிறான். நான் மளுக்கைத்தான் நம்புகிறேன். கதையின் தலைப்பைக்கூடக் கடைசிப் பக்கத்தில்தான் போட்டார்கள், முதலில் போட்டால் குட்டு உடைந்துவிடும் என்று. பாலத்தின் பெயர் எழுத்தில் ஒன்று, படத்தில் இன்னொன்று. எழுதியவரும் வரைந்தவரும் சேர்ந்து ஒரு டீ குடித்திருந்தால் அது நடந்திருக்காது.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய முத்து காமிக்ஸ் நிறைய இருக்கிறது. சூப்பர்மேன் முதல் இதழ் பல கோடிக்குப் போனதாமே, இவற்றுக்கு எவ்வளவு கிடைக்கும்?
*– வாசகர், விருத்தாசலம்*

அது 2024-ல் அறுபது லட்சம் டாலருக்குப் போனது. அந்த நினைப்பில் வேலையை விட்டுவிடாதீர்கள். ஆனாலும் 1972-ல் வந்த 'இரும்புக்கை மாயாவி' முதல் பதிப்பு அட்டையோடு இருந்தால் தேடி அலைகிறவர்கள் உண்டு.

முதல் வேலை, பெட்டியை இன்றைக்கே திறந்து புத்தகங்களை வெளியே எடுங்கள். வெள்ளிப்பூச்சிக்குப் பசை என்றால் உயிர். முதுகைத்தான் முதலில் தின்னும். துருப்பிடித்த பின்களைக் கத்தி வைத்து நெம்பாதீர்கள், தாள் கிழியும், பின்பக்கத்துக் காலை நிமிர்த்தி மெதுவாக உருவுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள், நிழல் போதும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டினீர்கள் என்றால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

விலை பேசுவதற்கு முன்னால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். நான் வாங்க மாட்டேன், விற்கவும் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து, ஒரு மூலையில் உட்கார்ந்து வாசித்துவிட்டுப் போகிறேன்.