குரோமியம், ஜிங்க் மாத்திரை சர்க்கரையைக் குறைக்குமா?

மாம்பலத்தில் ஒரு மருந்துக்கடையில் சர்க்கரை நோயுள்ள உங்கள் அம்மாவுக்குக் குரோமியம் மாத்திரை வாங்கச் சொன்னார்களாம். வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

துத்தநாகத்தின், அதாவது ஜிங்க்கின், வேலை தெளிவானது. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களில் ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் இரண்டு துத்தநாக அயனிகளோடு ஒரே கட்டாகச் சேமிக்கப்படுகின்றன. ரத்தத்தில் கலந்ததும் கட்டு பிரியும். தனித்தனியான இன்சுலின்தான் வேலை செய்யும்.

குரோமியம் கதை வேறு. 1970களில், மாதக்கணக்கில் ரத்தக்குழாய் வழியாகவே உணவு பெற்ற ஓரிரு நோயாளிகளுக்குச் சர்க்கரை ஏறியது; குரோமியம் சேர்த்ததும் இறங்கியது. சர்க்கரையைக் குறைக்கும் என்று குரோமியத்தின் பெயர் பரவியதில் இதற்குப் பெரிய பங்குண்டு. ஆனால் வாயால் சாப்பிடுகிறவர்களிடம் அந்தப் பலன் நிலையாகத் தென்படவில்லை. குரோமியம் உடலுக்கு இன்றியமையாதது என்பதற்கே சரியான ஆதாரம் இல்லை என்று 2014இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது.

எனக்குக் கவலை இன்னொன்று. ஜிங்க் மாத்திரையை அதிக அளவில் மாதக்கணக்கில் விழுங்கினால் உடலில் தாமிரம் குறைந்து ரத்தசோகை வரலாம். குறைபாடு இருந்தால் டாக்டர் சொல்லட்டும். அதுவரை பாசிப்பயறை ஊறவைத்து, முளைகட்டிச் சுண்டல் செய்து கொடுங்கள். துத்தநாகத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் முளைக்கும்போது குறைவதால் துத்தநாகம் உடலில் நன்றாகச் சேரும். வழக்கமான சர்க்கரை மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.