சுருதி ஏறியும் போனில் 'என்சிக்' என்கிறார்களா?

குரலின் சுருதியை இதற்கு மேல் ஏற்றாதீர்கள். பயிற்சி செய்து 190 ஹெர்ட்ஸ் வரை வந்தும், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கடையிலிருந்து போன் செய்தால், பெண்ணான உங்களை இன்னும் 'என்சிக்' (மலாயில் ஆண்களை அழைக்கும் 'ஐயா') என்றே அழைக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். 190 குறைவே இல்லை. பெண்களின் பேச்சுச் சுருதி சராசரியாக 200ஐ ஒட்டி, ஆண்களுடையது 120ஐ ஒட்டி இருக்கும்.

காரணம் பெரும்பாலும் ஒலியின் கனம். குரல்வளையிலிருந்து உதடு வரையுள்ள குழாய் ஆண்களுக்கு ஏறக்குறைய 17 செ.மீ., பெண்களுக்கு 14, 15. குழாய் நீண்டால் 'ஆ', 'ஓ' எல்லாம் கனத்து ஒலிக்கும். கேட்பவர் காது அதையும் சேர்த்தே முடிவு செய்கிறது. சாதாரண போன் இணைப்பு வேறு 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடும். நீங்கள் பாடுபட்டு ஏற்றிய அடிச்சுருதி நேராகப் போய்ச் சேர்வதில்லை, மேலேயுள்ள அதன் மடங்குகளிலிருந்துதான் மூளை ஊகிக்கிறது.

ஒன்று செய்து பாருங்கள். இரண்டு வாக்கியங்களைக் கிசுகிசுத்துப் பதிவு செய்து, உங்களைத் தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். கிசுகிசுப்பில் சுருதியே கிடையாது. அப்போதும் ஆண் என்றால், கனத்தைக் குறைக்க நாக்கைச் சற்று முன்னே வைத்து, உதட்டை லேசாக விரித்துப் பழகுங்கள்.

தொண்டை வலித்தால் உடனே நிறுத்துங்கள். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், மலாயில் 'டியா' (அவன், அவள்) என்ற சொல்லுக்கு ஆண்பால் பெண்பால் இல்லை, ஆனால் என்சிக்கா புவானா (பெண்களை அழைக்கும் 'அம்மா') என்று கேட்பவர் முதல் நொடியிலேயே முடிவு செய்தாக வேண்டும். அதனால் எடுத்ததுமே 'சாயா புவான்...' ('நான் புவான்...') என்று பெயரோடு தொடங்குங்கள். அப்படி அழைக்கப்படுவது உங்கள் உரிமை.